ஊட்டி ஏற்றத்துக்கு 1.2 பெட்ரோல் கார்: சூப்பர்சார்ஜரா, டர்போவா?

லவ்டேல்_1197:
வண்டி 2015 ஸ்விஃப்ட் பெட்ரோல். வாரம் ரெண்டு தடவை மேட்டுப்பாளையம் போய் ஊட்டி திரும்பணும், நாலு பேர், பின்னாடி சாமான். பர்லியார் தாண்டின கொண்டை ஊசி வளைவுகள்ல ரெண்டாவது கியர்ல வெளிய வரும்போது இழுவையே இல்லை. முதல் கியருக்குப் போனா வண்டி அலறுது, நகர மாட்டேங்குது. பழைய ஜப்பான் ஏஎம்ஆர்500 சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளறது, பெல்ட்டுல ஓடும்) ஒண்ணு கைக்கு வருது. டர்போன்னா (அதே வேலைதான், ஆனா புகை வேகத்துல சுத்தறது) வளைவுல லேட்டாதான் பிடிக்கும்ங்கறாங்க. இன்ஜினைப் பிரிக்காம எதைப் போடலாம்?

கேத்தி_பிஸ்டன்:
வளைவை விட்டு வெளிய வர்ற அந்த நொடிக்கு சூப்பர்சார்ஜர்தாங்க சரி. பெல்ட்டுல ஓடுது, 1500 ஆர்பிஎம்லயே காத்து வந்துரும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுருங்க. உங்க இன்ஜின் கிராங்க் ஒரு சுத்துக்கு இழுக்கறது சுமார் 600 சிசி. ஏஎம்ஆர்500 தன் ஒரு சுத்துக்குத் தர்றது 500 சிசி. புல்லி விகிதம் 1.6 வச்சா 800 சிசி, அதாவது 1.33 மடங்கு. ஊட்டி 2,240 மீட்டர்ல காத்தழுத்தம் 77 கிலோபாஸ்கல்தான். 1.33 மடங்குன்னா 102. இவ்வளவு செலவு பண்ணி ஊட்டியில கிடைக்கறது சென்னையில சும்மா ஓடற அதே வண்டி. கசிவு, பெல்ட் இழுக்கற பவர் ரெண்டையும் கழிச்சா அதுவும் முழுசா வராது.

பெல்ட்டையும் பாருங்க. நாலு வரி பெல்ட் மழையில, மஞ்சுல வழுக்கும். புல்லி ஓரத்துல கறுப்புத் தூள் படிஞ்சு, பெல்ட்டோட உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுச்சுன்னா வழுக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். ஆறு வரி பெல்ட் போட்டு, சின்ன புல்லியை அரை வட்டமாவது சுத்தி வர்ற மாதிரி ஐட்லர் (பெல்ட்டை அழுத்திப் பிடிக்கற துணை உருளை) வைங்க.

பர்லியார்:
மலைக்கு டர்போதான்னு நான் சொல்வேன். வேஸ்ட்கேட் (அழுத்தம் எல்லை தாண்டாம புகையைத் திருப்பி விடற கதவு) ஸ்பிரிங் 0.4 பார்னா, வெளிக்காத்தை விட 40 கிலோபாஸ்கல் கூடுதலா வர்ற வரைக்கும் டர்போ வேகமெடுக்கும். ஊட்டியில 117, மேட்டுப்பாளையத்துல 137. மேல ஏற ஏற டர்போவும் கூடச் சுத்தி ஓரளவு ஈடுகட்டும். பெல்ட்டுல ஓடறதுக்கு அந்த வழி கிடையாது. லேட்டாகுதுங்கறது பெரிய டர்போவை மாட்டறவங்க பிரச்சினை. 1 லிட்டர் இன்ஜினுக்கான சின்ன டர்போ போட்டா 2000 ஆர்பிஎம்லயே எழுந்துரும்.

அதுல கெட்டுப்போற இடம் ஆயில் ரிட்டர்ன் குழாய். உள்விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையாம, தொய்வில்லாம, நேர் கீழ சம்ப்புக்கு (இன்ஜின் அடியில ஆயில் தேங்கற தொட்டி) இறங்கணும். சம்ப்புல போடற ஓட்டை ஆயில் மட்டத்துக்கு நல்லா மேல இருக்கணும். கொண்டை ஊசியில ஆயில் ஒரு பக்கமா ஏறி ஓட்டையை மூடிட்டா, டர்போ உள்ள ஆயில் தேங்கி நீலப்புகை விடும். சீல் போச்சுன்னு நினைச்சு டர்போவையே மாத்துவாங்க. புகை நிக்காது.

லவ்டேல்_1197:
ரெண்டு பேருக்கும் நன்றி. எதைப் போட்டாலும் ஈசியூ (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) ட்யூனிங்கை ஊட்டியிலயே முடிச்சுக்கலாமா?

கேத்தி_பிஸ்டன்:
தயவுசெய்து பண்ணாதீங்க. இன்ஜின் போறதே அங்கதான். உங்க வண்டியில இருக்கற மேப் சென்சார் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கறது) வெளிக்காத்தழுத்தத்துக்கு மேல கொஞ்சம்தான் படிக்கும், 105–115 கிலோபாஸ்கலோட நின்னுரும். சூப்பர்சார்ஜர் ஊட்டியில தர்ற 102 அதுக்குள்ள அடங்கிடும், வண்டி அருமையா ஓடும். மேட்டுப்பாளையம் இறங்கினா அதே புல்லி 130 தரும். சென்சார் 115ல நின்னுரும், ஈசியூ அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் விடும். கலவை மெலிஞ்சு போகும். அப்புறம் 36 டிகிரி வெயில்ல, நாலு பேரோட, கல்லார்ல ஏற்றம் ஆரம்பிக்கும். அடர்த்தியான காத்து, முழு த்ராட்டில், முன்னால லாரி, அழுத்தின காத்தைக் குளிர வைக்கற இன்டர்கூலருக்கு காத்தோட்டமே இல்லை. கம்ப்ரஷன் 10:1-க்குக் குறையாத இன்ஜின். நாக்கிங் (பெட்ரோல் கண்ட நேரத்துல வெடிக்கறது) சத்தம் காதுல விழறதுக்குள்ள பிஸ்டன்ல ரிங் உக்கார்ற திட்டு உடைஞ்சிருக்கும்.

2.5 பார் மேப் சென்சார், பெரிய இன்ஜெக்டர், ஒரு படி குளிர்ச்சியான ப்ளக், காத்து-பெட்ரோல் விகிதம் காட்டற வைட்பேண்ட் மீட்டர், இது நாலும் இல்லாம தொடாதீங்க. கூடுதல் அழுத்தம் வர்றப்ப (பூஸ்ட்ல) ஏர்-ஃப்யூயல் விகிதம் 12-ஐத் தாண்டக்கூடாது. ட்யூனிங்கைக் கீழ, மதிய வெயில்ல பண்ணுங்க. அந்த ட்யூனிங் மலைக்கும் தாங்கும். மலையில பண்ணது கீழ தாங்காது.

பர்லியார்:
இதுல எனக்கு மறுபேச்சே இல்லை. 137 கிலோபாஸ்கல் தர்ற டர்போவுக்கும் இதே கதைதான்.

அருவங்காடு_கியர்:
ஒண்ணை யாருமே சொல்லலை. ஆர்சியில இருக்கறதுக்கு மாறா வண்டியை மாத்தறதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்குது. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பானெட்டைத்தான் திறப்பாங்க. நாலு பேரை ஏத்திட்டுப் போற வண்டிங்க இது.

முதல்ல இருக்கறதைச் சரி பாருங்க. மூணாவது கியர்ல 40ல போகும்போது முழுசா மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் ஏறுதா? அப்ப கிளட்ச் வழுக்குது. முதல் கியர்ல அலறியும் நகரலைங்கறீங்களே, அது எனக்கு கிளட்ச் மாதிரிதான் தெரியுது. டயர் கம்பெனி அளவை விட பெருசா இருந்தாலும் இழுவை குறையும். ஏர் ஃபில்டரை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.

அப்புறமும் போதலைன்னா கம்பெனியே டர்போ வச்ச பழைய வண்டியா வாங்குங்க. 2017 பலேனோ ஆர்எஸ், 998 சிசி, 1700 ஆர்பிஎம்லயே 150 நியூட்டன் மீட்டர் தருது. உங்களுதுல 115 பக்கம், அதுவும் 4000ல. அந்த மாதிரி வண்டியில ஏறி ஊட்டி வந்து சேர்ந்ததும் ஒரு நிமிஷம் ஐட்லிங்ல விட்டு ஆஃப் பண்ணுங்க. சிந்தெடிக் ஆயிலைக் கம்பெனி சொன்னதுக்கு முன்னாடியே மாத்திருங்க.

லவ்டேல்_1197:
நாளைக்கே கிளட்ச்சைப் பாக்கறேன். ஏஎம்ஆர்500 வேணாம்னு சொல்லிட்டேன்.