புதுப்பிப்பு: அம்மாவின் மாத்திரைகள் 11-லிருந்து 6 ஆகிவிட்டன

அம்மாவுக்கு 74 வயது, தினம் 11 மாத்திரை, நடந்தால் தள்ளாட்டம், எதைக் குறைக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே பொது மருத்துவரிடம் காட்டுங்கள்" என்ற யோசனைதான். கண் சொட்டு, கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை உட்பட எல்லாம் போயிற்று. அவர் அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்தார். இரண்டு பிராண்டு, உள்ளே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒரே பான்டோபிரசோல்! அப்புறம் பெரிய சங்கதி: ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். அந்த வீக்கத்துக்கு வேறொரு மருத்துவர் நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைப்பது) எழுத, அதனால் வந்த தள்ளாட்டத்துக்கு இன்னொரு மாத்திரை. அம்லோடிபினை மாற்றியதும் வீக்கம் வடிந்தது; மற்ற இரண்டும் தேவைப்படவில்லை.

எதிர்பாராதது ஒன்று. பான்டோபிரசோலை நிறுத்தியதும் நெஞ்செரிச்சல் முன்பைவிட மோசமானது. நிறுத்தினால் கொஞ்ச நாள் அமிலம் கூடுதலாகச் சுரக்குமாம். மறுபடி தொடங்கி, படிப்படியாகக் குறைத்ததில் அடங்கியது. தூக்கத்துக்கான குளோனசெபமை மட்டும் சட்டென்று விடவே கூடாது என்றார் மருத்துவர். அவர் சொன்ன கணக்குப்படி அது இன்னும் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது.