மழைநீர் வடிகாலை நாமே தூர்வாரலாமா?

வாடகைக் குடித்தனக்காரன்:

வேளச்சேரியில் நான் குடியிருக்கும் பகுதியின் நலச்சங்கம் சென்ற வாரம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பருவமழைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு வீட்டுக்கு ஒருவராக வந்து, மழைநீர் வடிகாலின் வண்டல் வடிகட்டித் தொட்டிகளைத் தூர்வார வேண்டுமாம். வர இயலாதவர்கள் 500 ரூபாய் செலுத்திவிடலாம் என்றும், மிஞ்சும் பணம் பொங்கல் தெருவிழாவுக்குப் பயன்படும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள்.

வராதவர் பணம் கட்ட வேண்டும் என்று ஆகிவிட்ட பிறகு அதைத் தன்னார்வம் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? தூர்வாருவது மாநகராட்சியின் கடமை. அதற்காகத்தான் வீட்டு உரிமையாளர் சொத்துவரி கட்டுகிறார். அந்தச் சுமை என் வாடகையிலும் இருக்கிறது. நாமே இறங்கி வாரிவிட்டால், வார வேண்டியவர்களிடம் ஏன் வாரவில்லை என்று கேட்கும் உரிமையை நாமே கைவிட்டதாகிவிடும். சங்கத்தில் வாடகைதாரருக்கு வாக்கு கிடையாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். வாக்கில்லாதவனிடம் வேலையும் பணமும் மட்டும் கேட்பது முறையா என்று நண்பர்கள் சொல்லட்டும்.

முன்னாள் செயலாளர்:

பணம் பற்றிய வரி தவறாக எழுதப்பட்டுவிட்டது. அதற்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் "மாநகராட்சியின் கடமை" என்று சொல்லிக் கைகட்டி நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்னையில் வீட்டு வாசலுக்கே வந்து குப்பை வாங்கும் பழக்கத்தைப் பல தெருக்களில் முதலில் கொண்டுவந்தவர்கள் குடியிருப்போர்தான். 1989இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பின் வழியில், தெருவுக்குத் தெரு மூன்று சக்கர வண்டி வாங்கி, வீட்டுக்கு வீடு மாதம் ஒரு சிறு தொகை வசூலித்து, வண்டி தள்ளும் பணியாளருக்குச் சம்பளம் கொடுத்தோம். 2000இல் சில மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். குடிமக்கள் செய்து காட்டியதால்தான் அது நகரம் முழுவதற்கும் உரிய எதிர்பார்ப்பாக மாறியது.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 2016இல் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னையில் ஒரு வார்டுக்கும் கவுன்சிலர் இல்லை. அந்த ஐந்தாண்டுகளுக்கும் மேலான காலத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாமல் இருந்தோம். தெருவில் தண்ணீர் நின்றபோது உரிமை, கடமை என்று வகுப்பெடுத்துக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை.

வாடகைக் குடித்தனக்காரன்:

ஐயா சொன்ன எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. அந்த மூன்று சக்கர வண்டியைத் தள்ளியவர் யார்? அவருக்கு வைப்பு நிதி இருந்ததா, நோய்வாய்ப்பட்டால் விடுப்பு இருந்ததா? குடியிருப்போர் நல்லெண்ணத்துடன் தொடங்கியது, மலிவான கூலிக்கு ஆள் வைத்து நகரைச் சுத்தம் செய்யலாம் என்ற பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது என்பது என் கருத்து. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் பணி தனியாருக்குக் கைமாறுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது பணிப் பாதுகாப்பு. அதே வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு செய்து, படம் எடுத்துக் குழுவில் போடும்போது, அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகச் செய்துவிடலாம் என்ற எண்ணத்தைத்தான் பரப்புகிறோம்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

இருவரும் கொள்கை பேசுகிறீர்கள். நான் தொட்டியைத் திறந்து பார்த்தவன் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு இதே போல ஒரு ஞாயிறு நம் தெருவில் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கடப்பாரையால் மூடியை நெம்பி, பாண்டு பாண்டாக வண்டலை எடுத்து, தொட்டிக்கு ஒரு முழ தூரத்தில் சாலையோரமாகவே குவித்தார்கள். கருப்பு மண், பால் பாக்கெட், தேங்காய் நார், யாரோ கட்டடவேலை செய்து தள்ளிவிட்ட சிமெண்டுக் கலவை எல்லாம் அதில் கிடந்தன. அள்ளிச்செல்ல வண்டி ஏற்பாடு செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு மழை கொட்டியது. புதன்கிழமை காலையில் குவியல் இருந்த இடத்தில் ஈரத்தடம் மட்டும் இருந்தது. மண் முழுவதும் எடுத்த தொட்டிக்குள்ளேயே திரும்பப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வடிகாலைத் தூர்வாருவதற்கு ஒரு வரிசை உண்டு. தண்ணீர் போய்ச் சேரும் கடைக்கோடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். நம் தெருவின் தண்ணீர் பெரிய கால்வாய் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டியது. அங்கே வாய் அடைத்துக் கிடக்கையில் இங்கே தொட்டியைக் கழுவித் துடைத்தாலும் தண்ணீர் நகராது. இது ஒரு தெருவின் கையில் இல்லாத வேலை.

இன்னும் முக்கியமான ஒன்று. கழிவுநீர் என்பது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு என்பது காகிதத்தில் உள்ள பிரிவினை. நடைமுறையில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் செருகியிருக்கும் வீடுகள் இருக்கின்றன; நம் தெருவிலும் இருக்கின்றன என்பதை மோப்பம் பிடிக்கத் தெரிந்த எவரும் அறிவார்கள். அப்படியானால் அந்தத் தொட்டியில் கைவிடுவது மழைநீர் வண்டலில் கைவிடுவதாகாது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்த நாட்டில், அதை உற்சாகமான ஞாயிறு நிகழ்ச்சியாக அறிவிப்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மூடிய வடிகாலுக்குள் நச்சுவாயுவும் தேங்கலாம். நம் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றால், வேறு எவருடைய பிள்ளைகளையும் வெறுங்கையோடு அனுப்பும்படி கேட்கவும் கூடாது.

கோலக்காரி:

வடிகால் பற்றிப் பொறியாளர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த வேகத்தில் பொங்கல் விழாவும் வீண்செலவு என்று தள்ளப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தில்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போய், கைபேசியும் அடங்கிவிட்டது. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிய அன்று, மூன்றாவது வீட்டுப் பாட்டியை மாடிக்குத் தூக்கிச் சென்றவர்கள் எதிர் வீட்டு மாணவர்கள். அந்தப் பாட்டிக்கு நடக்க முடியாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆண்டுப் பொங்கல் கோலப் போட்டியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நடுவராக இருந்தார். நாற்காலியைத் தூக்கி வந்து வைத்ததே அந்தப் பையன்கள்தான். மயிலாப்பூரில் ஆண்டுதோறும் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டியைப் போல எங்களுடையது பெரிதில்லை. மொத்தம் பதினேழு கோலங்கள், அவற்றில் இரண்டின் புள்ளி வரிசை பிசகி, போட்டவரே சிரித்துவிட்டு அழித்தார். ஆனால் யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், யாருக்கு நீச்சல் தெரியும், எந்த மாடியில் தண்ணீர்த் தொட்டி பெரியது என்பதெல்லாம் அப்படித்தான் தெரிய வருகின்றன.

இதோடு ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சென்ற விழாவில் மேடையில் நன்றியுரை பெற்ற ஒன்பது பேரும் ஆண்கள். கரும்பு கட்டியது, நூற்றைம்பது பேருக்குப் பொங்கல் கிண்டியது, பாத்திரம் தேய்த்தது எல்லாம் நாங்கள். தன்னார்வம் பற்றி விவாதிக்கும் இந்த இழையில் அந்தப் பாத்திரங்களைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை.

முன்னாள் செயலாளர்:

கோலக்காரி அம்மாவின் கண்டனம் நியாயமானது; நானும் அந்த ஒன்பது பேரில் ஒருவன். பொறியாளரின் விளக்கத்துக்குப் பிறகு, தொட்டிக்குள் இறங்கும் திட்டத்தைக் கைவிடலாம் என்று சங்கத்துக்கு எழுதுகிறேன். ஆனால் வாடகைக் குடித்தனக்காரர் சொல்வது போல "கேட்பது மட்டும் நம் வேலை" என்பதையும் ஏற்கமாட்டேன். மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். பதிவு எண் வரும். சில நாளில் "தீர்வு காணப்பட்டது" என்று செய்தியும் வரும். போய்ப் பார்த்தால் தொட்டி அப்படியே இருக்கும். நேரில் நின்று பார்க்க ஆள் இல்லையென்றால் கேட்பதில் பொருளில்லை. அப்படி நிற்பதும் தன்னார்வப் பணிதான், அதற்கும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

வாடகைக் குடித்தனக்காரன்:

இதைத்தானே முதலிலிருந்தே கேட்கிறேன்! 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும், வார்டுக்குள் பகுதி வாரியாக வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளும் இருக்கின்றன. வார்டு குழுவின் உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்பட்டவர்கள் என்ற குறை எனக்கும் உண்டு. இருந்தாலும் வரவு செலவையும் பணி விவரத்தையும் கேட்க அது ஒரு மேடை. பகுதி சபைக் கூட்டத்துக்கு நம் சங்கத்திலிருந்து இதுவரை எத்தனை பேர் போனார்கள்? அங்கே வாடகைதாரனும் வாக்காளன் என்ற முறையில் பேசலாம். நலச்சங்கத்தில் அது முடியாது.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு மூடியின் மீதும் சுண்ணாம்பால் எண் எழுதுவோம். ஓர் அளவுகோலை இறக்கி எத்தனை அங்குலம் வண்டல் இருக்கிறது என்று குறிப்போம். கையை உள்ளே விட வேண்டாம். நாற்றம் வரும் தொட்டிகளைத் தனியே குறித்து, குடிநீர் வாரியத்துக்கும் ஒரு படி கொடுப்போம். ஒப்பந்ததாரர் தூர்வாரிய மறுநாள் அதே எண்களில் மீண்டும் அளந்தால், அவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பது தெரிந்துவிடும். எடுத்த வண்டல் அன்றே வண்டி ஏற வேண்டும் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். நான்கு பேர் போதும்.

கோலக்காரி:

சுண்ணாம்பு எழுத்து முதல் மழையில் போய்விடும். என்னிடம் வெள்ளைப் பெயிண்ட் இருக்கிறது, நான் வருகிறேன். தேநீர் மட்டும் இந்த முறை வேறு யாராவது போடட்டும்.

முன்னாள் செயலாளர்:

தேநீர் என் பொறுப்பு.

வாடகைக் குடித்தனக்காரன்:

அளவுகோலோடு நானும் வருகிறேன். 500 ரூபாய் தர மாட்டேன். சென்ற பொங்கல் விழாவின் கணக்குப் புத்தகத்தையும் அன்றே கொண்டுவாருங்கள்.