கலைச்சொல்: சிற்றினங்கடந்த உட்கரு நடவு

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வணக்கம்.

ஒரு விலங்கின் உடற்செல்லில் உள்ள உட்கருவை, வேறு வகை விலங்கின் உட்கரு நீக்கிய முட்டையில் வைத்துக் குட்டி பிறக்கச் செய்யும் முறைக்குச் சொல் கேட்டிருந்தேன். சாட்ஸ்வொர்த் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கான அறிவியல் கையேட்டில் இது இடம்பெற வேண்டும். 'கலப்பின நகல்', 'உட்கரு ஒட்டு', 'வேற்றின நகலாக்கம்' என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு உடன்பாடில்லை.

'கலப்பின' என்பதை முதலில் விலக்கிவிட வேண்டும். 2001 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு வீட்டுப் பசு, நோவா என்ற காட்டுமாட்டுக் கன்றை ஈன்றது. உட்கரு காட்டுமாட்டின் தோல் செல்லிலிருந்து வந்தது, முட்டை பசுவினுடையது. பிறந்தது பாதிப் பசு, பாதிக் காட்டுமாடு அன்று, காட்டுமாட்டுக் கன்றேதான். பசுவின் பங்காக அதன் செல்களில் தங்கியவை முட்டையோடு வந்த மைட்டோகாண்டிரியாக்கள், அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகள். இரண்டே நாளில் அது சீதபேதியில் இறந்துபோனது வேறு கதை. கழுதைக்கும் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைதான் கலப்பினம். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் தவறாகவே படித்துக்கொள்வார்கள்.

'உட்கரு ஒட்டு' அழகான சொல். எலுமிச்சை வேர்க்கன்றில் ஒட்டிய ஆரஞ்சுக் கிளை ஆரஞ்சைத்தானே காய்க்கிறது! ஆனால் 'வீரிய ஒட்டு' என்று வேளாண்மையில் கலப்பின விதைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். வாசலில் விரட்டிய குழப்பம் கொல்லைப்புறமாக நுழைந்துவிடும்.

'வேற்றின' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் காங்கேயமும் இனம், ஜெர்சியும் இனம், மனிதரிலும் இனம். ஜெர்சிப் பசுவின் முட்டையில் காங்கேயத்தின் உட்கருவை வைத்தாலும் இந்தச் சொல் பொருந்திவிடும். நாம் சொல்ல வந்தது அது அன்று. அதைவிட, இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனம் பிரித்துப் பதிவு செய்தது. 1991இல்தான் அது ஒழிந்தது. வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையே திருமணத்தைத் தடுத்த 1949ஆம் ஆண்டுச் சட்டம் 1985 வரை இருந்தது. அந்தச் சட்டங்களின் கீழ் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் என் வகுப்பில் இருக்கிறார்கள். உயிரியல் பாடத்தில் 'வேற்றினம்', 'இனக்கலப்பு' என்று நான் எழுதமாட்டேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் species என்பதற்குச் 'சிற்றினம்' இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை: 'சிற்றினங்கடந்த உட்கரு நடவு'. 'கடந்த' என்பதை உட்கருவோடு சேர்த்தாலும் நடவோடு சேர்த்தாலும் பொருள் கெடாது. 'மாற்றம்' என்றால் உட்கருவே மாறிவிட்டதாகப் படும். 'நடவு' என்றால் எடுத்து இன்னோரிடத்தில் ஊன்றியது விளங்கும். ஊன்றிய இடத்துக்கும் வேலை உண்டு என்பதும் விளங்கும். முட்டை வெறும் கூடு அன்று. 1999இல் சீன ஆய்வாளர்கள் பாண்டாவின் உட்கருவை முயல் முட்டையில் வைத்தபோது கரு தொடக்க நிலைவரை வளர்ந்தது, குட்டி பிறக்கவில்லை. உறவு தூரமாகத் தூரமாக முட்டையும் உட்கருவும் ஒத்துப்போவது அரிதாகிறது.

அன்புடன்,
டர்பன் வகுப்பு ஆசிரியர்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து மறுமொழி:

தம்பி, சொல் நன்று. கால்நடை மருத்துவனாக இரண்டு செய்திகள் சேர்க்கிறேன்.

நுண்ணோக்கியின் கீழ் நடப்பது இதுதான்: கண்ணாடிக் குழாய் ஒன்று முட்டையை உறிஞ்சிப் பிடித்திருக்கும். எதிர்ப்பக்க ஊசி அதன் குரோமோசோம்களை எடுத்துவிட்டு, பெரும்பாலும் முழு உடற்செல்லையே முட்டையின் வெளியுறைக்கு அடியில் வைக்கும். பிறகு சிறு மின்துடிப்பு கொடுத்தால் இரண்டும் இணையும். ஆகவே 'நடவு' என்பதற்கான விளக்கத்தில் செல் இணைப்பையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, முட்டை கொடுத்தவளும் சுமந்தவளும் ஒருத்தியாக இருக்க வேண்டியதில்லை. அழிந்துபோன பிரனீஸ் மலையாட்டை ஸ்பெயினில் 2003இல் பிறக்கவைத்தார்களே, அதில் முட்டை வீட்டாட்டினுடையது. கருவைச் சுமக்க மலையாடுகளையும் கலப்பு ஆடுகளையும் பயன்படுத்தினார்கள். குட்டி நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் இறந்தது. நம் பிள்ளைகள் காண்டாமிருகத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். வடவெள்ளைக் காண்டாமிருகத்தின் முட்டையிலேயே உருவாக்கிய கருவைத் தென்வெள்ளைக் காண்டாமிருகத்தின் வயிற்றில் வைப்பது உங்கள் 'நடவு' ஆகாது. அங்கே மாறுவது கருப்பை மட்டும். 'வாடகைத் தாய்' என்று விலங்குக்கு எழுதாதீர்கள். கூலி வாங்கிக்கொண்டா சுமக்கிறது? 'சுமப்புத்தாய்' போதும்.

டர்பனிலிருந்து:

நன்றி ஐயா. 'சுமப்புத்தாய்', 'முட்டைக்கொடை' இரண்டையும் தனித்தனிப் பதிவாகச் சேர்க்கிறேன். எடுத்துக்காட்டுக்கு 2003இல் நியூ ஆர்லியன்ஸில் வீட்டுப்பூனை முட்டையிலிருந்து பிறந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையை வைக்கலாமா? நம் புல்வெளிகளிலும் இருக்கும் விலங்கு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அந்த இரண்டு பூனைகளையும் ஒரே சிற்றினமாக வகைப்படுத்துவோரும் உண்டு. அப்படியானால் நம் தலைப்பே அதற்குப் பொருந்தாது. ஆகவே நோவாவையே முதன்மை எடுத்துக்காட்டாக்கிப் பூனையைக் குறிப்புடன் கீழே தருகிறேன். அதே 2003இல் நம் பிரிட்ஸ் நகரில் பிறந்த ஃபுத்தி என்ற கன்று, பசுவின் உட்கருவைப் பசு முட்டையிலேயே வைத்துப் பெற்றது. அதை வெறும் 'உட்கரு நடவு' என்ற பதிவில் சேர்க்கிறேன். 'சிற்றினங்கடந்த' என்பது நீளம் என்று நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது.