யூதப் படவிழா, யூதப் பண்பாட்டு விழா: போனவர்கள் எழுதுங்கள்

ரயிலடி

ரொறன்ரோ யூதத் திரைப்பட விழாவுக்கு நான் போனது ஒரே ஒருமுறை. வேலையிடத்துத் தோழிக்குக் கடைசி நேரத்தில் வர முடியவில்லை, டிக்கெட்டை என்னிடம் தந்தாள். 1936இல் போலந்தில் எடுத்த யிட்டிஷ் படம், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய மொழி அது. நடிகை மோலி பிகன் பையன் வேடம் போட்டுக்கொண்டு பிடில் வாசித்து ஊர் ஊராகப் போவாரே, அதுதான்.

பக்கத்தில் எண்பது தாண்டிய ஒரு அம்மா. திரையில் எழுத்து வருவதற்கு முன்னமே அவர் சிரித்துவிடுவார். மற்றவர்கள் வாசித்து முடித்துச் சிரிக்கும்போது அவர் அடுத்த வசனத்தில் இருப்பார். பிறகு கல்யாணக் காட்சி வந்தது. அதில் ஆடுகிற, சாப்பிடுகிற ஆட்களில் பலர் நடிகர்கள் இல்லை, படம் எடுத்த கசிமியெஷ் டோல்னி ஊர்க்காரர்கள். அந்த ஊர் யூதர்களை 1942இல் நாஜிகள் பெல்ஜெட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றினார்கள். படம் எடுத்து ஆறே வருடம்.

அந்தக் காட்சியில் அம்மா சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, கதாநாயகியை விட்டுவிட்டு, பின்னால் நிற்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கமரா நகர நகர அவர் தலையும் நகர்ந்தது. ஊரில் நடந்த சித்தியின் கல்யாண வீடியோவை என் அம்மா இப்படித்தான் பார்ப்பார். மணவறையைப் பார்க்கமாட்டார், பந்தலின் பின்வரிசையைத்தான் பார்ப்பார்.

விளக்குப் போட்டதும் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். யாரைத் தேடினீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது வருடமாகிறது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கோ.

மீனா_ஓக்லண்ட்

சான் பிரான்சிஸ்கோ விழாதான் எல்லாவற்றுக்கும் மூத்தது, டெபோரா காஃப்மன் 1980இல் தொடங்கியது. நான் போனது 2009. ரேச்சல் கோரி பற்றிய ஆவணப்படத்தைப் போட்டு, அவருடைய அம்மாவையும் பேச அழைத்திருந்த வருடம். காசாவில் 2003இல் இஸ்ரேல் ராணுவ புல்டோசரின் கீழ் இறந்த அமெரிக்கப் பெண். யூத விழாவில் இந்தப் படமா என்று ஊரே இரண்டாகிக் கிடந்தது. படத்தை எதிர்ப்பவர் ஒருவருக்கும் மேடையில் பேச நேரம் கொடுத்தார்கள். கேஸ்ட்ரோ தியேட்டர் முழுக்கக் கைதட்டலும் கூச்சலும் சேர்ந்து எழுந்தன.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வெளியே நடந்தது. என் முன்வரிசையில் இருந்த வயதான கணவனும் மனைவியும் மார்க்கெட் தெருப் பக்கம் எனக்கு முன்னால் நடந்தார்கள். சண்டை ஓயவில்லை. இது வெட்கக்கேடு என்கிறார் தாத்தா. போட வேண்டிய படம்தான் என்கிறார் பாட்டி. குரல் ஏறிக்கொண்டே போனது. நடைபாதை விளிம்பு வந்தது. பாட்டி பேச்சை நிறுத்தவில்லை, தாத்தாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை, கையை மட்டும் நீட்டினார். தாத்தா பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். தெருவைக் கடந்தும் கையை விடவில்லை, சண்டையையும் விடவில்லை.

அப்போது நானும் அண்ணனும் தேர்தல் பேச்சில் முறைத்துக்கொண்டு இரண்டு வருடம் பேசாமல் இருந்தோம்.

வைகை_போலந்து

நான் படிக்க வந்த ஊர் கிராக்கோவ். இங்கே யூதப் பண்பாட்டு விழா 1988லிருந்து நடக்கிறது. கோடையில், கசிமியெஷ் பகுதியில். (பெயர் ஒன்றுதான், ரயிலடி சொன்ன ஊர் வேறு.) நான் போனபோது ஷெரோகா தெருவில் பெரிய இசை நிகழ்ச்சி நடந்தது. நடுராத்திரி தாண்டியும் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றுகொண்டே கேட்டார்கள், நானும் ஆடினேன்.

மறுநாள் காலை அதே பகுதியில் காப்பி குடிக்கப் போனபோது, ஒரு பழைய வீட்டு வாசலின் வலது நிலைக்காலில் விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம், சற்றுச் சாய்வாக. பூச்சு மேல் பூச்சாகப் பெயின்ட் அடித்தும் மூடவில்லை. விழா நடைப்பயணத்தில் முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார்கள்: மெசூசா இருந்த இடம். வேத வசனம் எழுதிய தோல்சுருளை வைக்கும் சின்ன உறை. வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் தொடுவார்கள். போருக்கு முன் இந்த ஊரில் நாலில் ஒருவர் யூதர். விரலை வைத்துப் பார்த்தேன், விரல் உட்கார்ந்தது. உள்ளிருந்து ஒரு பையன் சைக்கிளோடு வந்தான், வழிவிட்டேன். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவன் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

கல்தூண்

வைகை, கோபிக்க வேண்டாம். இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யானுஷ் மகூக் யூதர் அல்ல. கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் யூதர் அல்ல. வீட்டுக்காரர்கள் கொல்லப்பட்ட தெருவில் மேடை போட்டு ஆடுவதற்கு யாருக்கு உரிமை? மீனா சொன்னது யூதச் சமூகத்தின் சொந்த விழா. அங்கே தாத்தாவும் பாட்டியும் தங்கள் வீட்டு விஷயத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. நானும் 2014இல் கிராக்கோவ் போனேன், பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

வைகை_போலந்து

கல்தூண் அண்ணா, 1988இல் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி. யூதர்களைப் பற்றிப் பேசுவதே சங்கடமாக இருந்த காலம். அப்போது தொடங்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. வெளியூர்களிலிருந்து வந்த யூதக் கலைஞர்கள்தான் அந்த மேடையில் வாசித்தார்கள். ஆடியது சரியா என்று எனக்கும் உறுத்துகிறது, அதனால்தான் எழுதினேன். ஆனால் விழா இல்லாதிருந்தால் அந்தப் பள்ளத்தை நான் சுவரில் விழுந்த கீறல் என்று நினைத்துக் கடந்திருப்பேன்.

பழைய_ரீல்

என் கதை சின்னது: லண்டனில் ஒரு மௌனப் படம், மேடையில் பியானோவும் வயலினும். முடிந்ததும் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

இனி போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம். பெரிய பை வேண்டாம். பல இடங்களில் வாசலில் சோதனை இருக்கும், வரிசை நீளும், அரைமணி முன்னதாகப் போங்கள். அந்தச் சோதனையை நினைத்து முகம் சுளிக்காதீர்கள், அவர்களுக்கு அதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளி மாலையிலிருந்து சனி இருட்டும் வரை சபாத், யூதர்களின் ஓய்வுநாள். சில விழாக்களில் அந்த நேரம் காட்சியே இருக்காது, அட்டவணையைப் பார்த்து விடுப்பு எடுங்கள். நிகழ்ச்சி ஜெப ஆலயத்தில் என்றால் ஆண்கள் தலையை மூட வேண்டும், வாசலிலேயே குல்லா வைத்திருப்பார்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேள்வி நேரத்துக்கு முன் எழுந்து போகாதீர்கள். பாதி விழா அங்கேதான் இருக்கிறது.

புதுப்படங்கள் எப்படியும் பிறகு கிடைக்கும், முதலில் பழைய படத்துக்கு டிக்கெட் எடுங்கள். பழைய யிட்டிஷ் படங்கள் இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கிறதென்றால், அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய யூதத் திரைப்பட மையம் 1976லிருந்து ஒவ்வொரு பிரதியாகத் தேடி எடுத்துச் சீர்செய்ததும் ஒரு பெரிய காரணம். நான் பார்த்தது 1924இல் வியன்னாவில் எடுத்த 'யூதர்கள் இல்லாத நகரம்'. நகரத்தை விட்டு யூதர்களை விரட்டும் கதை, ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு ஒன்பது வருடம் முன்பே. மூலநாவல் எழுதிய ஹூகோ பெட்டாவரை 1925இல் ஒரு நாஜி சுட்டுக் கொன்றான். முழுப் பிரதி தொலைந்தே போயிருந்தது. 2015இல் பாரிஸ் பழைய பொருள் சந்தையில் ஒருவர் கையில் கிடைத்தது. பொதுமக்களிடம் காசு திரட்டிச் சீர்செய்தார்கள். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' படத்தில் ஒரு அடி ரீல்கூட நமக்கு மிஞ்சவில்லை. சென்னையின் பழைய பொருள் சந்தையான மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் அங்கே யாராவது இப்படித் தேடியிருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மீனா_ஓக்லண்ட்

கல்தூண், அந்தப் பாட்டி தாத்தாவை நான் உங்கள் பக்கம் சாட்சிக்கு அனுப்பவில்லை. அங்கேயும் யூதர் அல்லாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், நான் உட்பட.

ரயிலடி

எல்லாருக்கும் நன்றி. பழைய_ரீல் எழுதியதைப் படித்த பிறகு நேற்று அம்மாவிடம் சித்தியின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கசெட்டில் கோடு கோடாக விழுகிறது, இந்த வாரமே கணினிக்கு மாற்றக் கொடுக்கிறேன். பந்தலின் பின்வரிசை வரும்போது நிறுத்தி நிறுத்தி, அம்மா சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதினேன். இருபத்தேழு பேர். தூணோடு சாய்ந்து நிற்கிற நீலச்சேலைப் பெண்ணின் பெயர் மட்டும் அம்மாவுக்கு வரவில்லை. ஜெர்மனியில் இருக்கிற மாமாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன்.