பெரிய சீமைக்கருவேல மரத்தில் மல்ச்சர் நின்று நின்று போகிறது, மோட்டாரில் ஆயில் ஒழுகுகிறது. பல் மாற்றினால் சரியாகுமா?

புஞ்சைக்காரன்

கமுதி பக்கம் எங்கள் பூர்வீக புஞ்சை 11 ஏக்கர். அப்பாவுக்குப் பிறகு உழவே இல்லை, 25 வருடம் சும்மா கிடந்ததில் முழுக்க சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. புதராக இருந்தால் பரவாயில்லை, கிணற்றை ஒட்டி நிற்கிறவை எல்லாம் சுற்றளவு 5 அடிக்குக் குறையாது. பிடுங்கிக் குவித்துக் கொளுத்த மனமில்லை, மண்ணுக்கே மூடாக்காகப் போகட்டும் என்று 14 டன் பொக்லைனில் மல்ச்சர் தலை, அதாவது பல் வைத்த உருளை சுழன்று மரத்தை அரைத்துத் தூளாக்குகிற கருவி, மாட்டியதை வாடகைக்கு எடுத்தேன். முதல் நாள் சின்ன மரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பெரிய மரத்தில் வைத்ததிலிருந்துதான் வம்பு. உருளை மரத்தில் பட்ட நாலைந்து நொடியில் நின்றுவிடுகிறது, விலக்கினால் மறுபடி வேகம் பிடிக்க நேரமாகிறது, மதியத்துக்குள் ஆயில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. இன்று காலை பார்த்தால் தலையில் இருக்கிற மோட்டாரின் தண்டு ஓரமாக ஆயில் ஒழுகுகிறது. ஆபரேட்டர் தம்பி, "மரம் வைரம் பாஞ்சது அண்ணே, பல்லு மொக்கையாயிருச்சு, புதுசு போட்டா ஓடும்" என்கிறார். வண்டிக்காரர் போனை எடுப்பதில்லை.

பட்டறை அண்ணாச்சி

முதலில் வண்டியை நிறுத்துங்கள் தம்பி. பல்லெல்லாம் அப்புறம். தலைக்குப் போகிற குழாய் எத்தனை? இரண்டு தடிமன் குழாய் தவிர மெலிதாக மூன்றாவது ஒன்று உண்டா, உண்டு என்றால் அது எங்கே போய்ச் சேர்கிறது? இந்த வண்டி இதற்கு முன்னால் எந்த வேலையில் இருந்தது?

புஞ்சைக்காரன்

கல்குவாரியில் பாறை உடைக்கிற பிரேக்கர் மாட்டி ஓடியதாம். மெலிதான குழாய் இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் அது தலையிலிருந்து ஒன்றரை அடி வந்து பெரிய குழாயிலேயே டீ (T வடிவ இணைப்பு) போட்டு ஏற்றப்பட்டிருக்கிறது. டீயில் சுற்றிய வெள்ளை டேப் கூட வெளியே பிதுங்கித் தெரிகிறது.

பட்டறை அண்ணாச்சி

அதுதான் சங்கதி. மல்ச்சர் மோட்டாருக்குள் கொஞ்சம் ஆயில் கசிவது இயல்பு, அந்தக் கசிவை வெளியே எடுக்கத்தான் மெலிதான குழாய். அது அழுத்தமே இல்லாமல் நேரே ஆயில் டேங்குக்குப் போக வேண்டும். பிரேக்கருக்கு அந்தக் குழாய் தேவையில்லை, அதனால் உங்கள் வண்டியில் அதற்கு வழியே இருந்திருக்காது, யாரோ குறுக்கு வழியில் திரும்பும் குழாயோடு சேர்த்துவிட்டார்கள். சின்ன மரத்தில் தாங்கியது. பெரிய மரத்தில் உருளை நின்று நின்று எடுக்கும்போது திரும்பும் குழாயில் அழுத்தம் அடித்து அடித்து ஏறும், அது அப்படியே மோட்டாருக்குள் போய், தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் அடைக்கிற சீலைத் தள்ளிவிடும். இப்போது புதுப் பல் போட்டாலும், ஏன், புதுச் சீலே போட்டாலும், டீ இருக்கிற வரை மறுபடி ஒழுகும். சீல் மாற்றி, அந்தக் குழாயைத் தனியாக டேங்க் வரை இழுக்கச் சொல்லுங்கள். மாற்றும்போது பேரிங்கையும் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஆட்டம் இருந்தால் சீல் நிற்காது. செலவு வண்டிக்காரருடையது, டீயைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டுக்கு வேறு காரணமும் உண்டு. உருளை நின்றும் லிவரை அழுத்திப் பிடித்தால் ஆயில், அழுத்தம் மிஞ்சினால் திறக்கிற ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்புகிறது, இன்ஜின் தருவது முழுக்க வெட்டாமலே வெப்பமாகிறது. ரேடியேட்டர் பக்கக் கதவையும் திறந்து பாருங்கள். சீமைக்கருவேல இலை பொடி இலை, கூலர் இடுக்கில் போய் அடைந்து கம்பளி மாதிரி உட்கார்ந்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றடித்து ஊத வேண்டும். காய்ந்த தூள் சைலன்ஸர் பக்கம் சேர்ந்தால் தீயே பிடிக்கும்.

காட்டுவண்டி

நான் மல்ச்சர் ஓட்டுகிறவன். அண்ணாச்சி சொன்னதைச் சரிசெய்தாலும் அந்த மரத்தை நிற்கிற நிலையில் இந்த வண்டியால் தின்ன வைக்காதீர்கள். சுற்றளவு 5 அடி என்றால் குறுக்கே ஒன்றரை அடிக்கு மேல். 14 டன் வண்டி ஏறக்குறைய 100 குதிரைத் திறன், 6 அங்குலம், மிஞ்சினால் 8 அங்குலக் கனம் வரைதான் அதற்குச் சுகம். நிற்கிற பெரிய மரத்தை அப்படியே அரைப்பதற்கென்று 300 குதிரைத் திறனுக்கு மேல் தனி வண்டிகள் இருக்கின்றன, அவை வேறு ஜாதி.

சின்ன மரத்திலும் நடுத்தண்டில் வைத்து முட்டக் கூடாது. உச்சியிலிருந்து கொறித்துக்கொண்டே இறங்க வேண்டும், உருளைச் சத்தம் தணிந்தால் தூக்கிவிட வேண்டும், சத்தம் பழையபடி ஏறியதும் மறுபடி வைக்க வேண்டும். இது காதால் ஓட்டுகிற வண்டி. மண்ணில் இறக்கினால் கல் பட்டு கார்பைடு பல் சில்லாகத் தெறிக்கும். ஆட்கள் 100 மீட்டர் தள்ளி நிற்கட்டும், பிரேக்கர் வண்டி என்பதால் கேட்கிறேன், கேபின் முன்னால் சாதாரணக் கண்ணாடியா? அப்படியானால் தடித்த பாலிகார்பனேட் போடாமல் அந்தத் தம்பியை உள்ளே உட்கார வைக்காதீர்கள். பழைய கிணறு என்றால் விளிம்புப் பக்கம் வண்டியையே கொண்டுபோக வேண்டாம்.

மூட்டக்காரர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் கரிமூட்டம் போடுகிறவன். ஒன்றரை அடி அடிமரத்தையா தூளாக்குகிறீர்கள் தம்பி? அந்த வைரக்கட்டைதான் நல்ல கரி. மெஷின் ரம்பத்தால் அறுத்துத் தண்டை எங்களைப் போன்றவர்களுக்கு எடை போட்டுக் கொடுங்கள், வெட்டுக்கூலி போகக் கையில் ஏதாவது நிற்கும். கிளையையும் முள்ளையும் மட்டும் மல்ச்சருக்குப் போடுங்கள்.

இன்னொன்று, தரையோடு சீவிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஐப்பசி மழை விழுந்ததும் தூரிலிருந்து பத்துக் கொம்பு வெடிக்கும், முன்னைவிட மோசமாக. முளைக்கிற கணு மண்ணுக்குள் இருக்கிறது. பொக்லைனில் சாதா பக்கெட்டை மாட்டி ஒரு அடிக்குக் கீழே தோண்டித் தூரோடு எடுத்தால்தான் உண்டு. ஆடு மாடு நெற்றைத் தின்று சாணியிலும் புழுக்கையிலும் போட்ட விதை வேறு மண்ணில் கிடக்கும், ஈரம் இருக்கும்போதே கன்றைக் கையால் பிடுங்க வேண்டும். வரப்பில் பனை இருந்தால் ஆபரேட்டரிடம் முன்னாடியே காட்டிவிடுங்கள், அதை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021லேயே அரசு சொல்லிவிட்டது.

புஞ்சைக்காரன்

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். டீ போட்டோவை அனுப்பியதும் வண்டிக்காரர் அவரே கூப்பிட்டார். சீல் மாற்றி, மெலிதான குழாயைத் தனியாக டேங்கில் ஏற்றியாகிவிட்டது, பேரிங்கில் ஆட்டம் இல்லை. கூலரில் இருந்து எடுத்த இலைத்தூள் ஒரு சட்டி நிறைய இருந்தது. பெரிய மரம் 40ஐ அறுக்க ஆள் வைத்துவிட்டேன், கண்ணாடிக்குப் பாலிகார்பனேட் வருகிற வரை மல்ச்சர் சும்மா நிற்கிறது. மூட்டக்காரர் அண்ணே, தண்டைப் பச்சையாகவே எடை போடுவீர்களா, காய வைத்துத் தர வேண்டுமா?

மூட்டக்காரர்

பச்சையாகவே போடலாம், எடையில் ஈரத்துக்குக் கழிப்பு உண்டு. மூன்றடித் துண்டாக அறுத்து வையுங்கள், வண்டி உள்ளே வர வழி மட்டும் முள்ளில்லாமல் இருக்கட்டும், போன தடவை ஒரு புஞ்சையில் ஒரே நாளில் இரண்டு டயர் போய்விட்டது.