தோல் பைண்டிங்ல பூ டிசைன் போட எந்த டூல்?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தாவோட டைரிய முதல் தடவையா ஆட்டுத்தோல்ல பைண்ட் பண்ணிருக்கேன். அட்டையில ஒரு பூ, சுத்தி ஒரு கோடு போடணும்னு பெல்ட், பர்ஸுக்கெல்லாம் அடிக்கிற ஸ்டாம்ப் செட் வாங்கி மிச்சத் துண்டுல சுத்தியலால தட்டிப் பார்த்தேன், ரெண்டு இடத்துல தோல் வெட்டுப்பட்டுருச்சு, மத்த இடத்துல பூவே சரியா விழல. தோல் தப்பா, டூல் தப்பா?

பதில்:
டூல்தான். அந்த ஸ்டாம்ப் ரெண்டு மூணு மில்லி தடிமன் தோலுக்கு, நீங்க போட்டது சீவி ஒரு மில்லிக்கும் கீழ இருக்கும். பைண்டிங் டூல் பித்தளை, மரக் கைப்பிடி, சுத்தியலே கிடையாது, சூடு பண்ணி கையால அழுத்தணும். முகம் தட்டையா இல்லாம லேசா குவிஞ்சிருக்கும், அதனால நாலு பக்கமும் மெல்ல சாய்ச்சு அழுத்தினா முழுப் பூவும் விழும். ஈரப் பஞ்சுல தொட்டுப் பாருங்க, படபடன்னு கொதிச்சா சூடு அதிகம், தோல் கருகிடும். முதல்ல தங்க ரேக் (மெல்லிசு தங்கத் தகடு) ஒட்டாம, லேசா ஈரம் பண்ணின தோல்ல பழகுங்க.

பதில்:
தோலையும் கேட்டுக்கோங்க, குரோம் உப்புல பதப்படுத்துன தோல்னா அச்சு நிக்காது, மரப்பட்டை, காய்ல பதப்படுத்துனதுதான் வேணும். ஆனா எல்லாப் பட்டையும் நல்லதில்ல. பழைய புக் தோலெல்லாம் ஏன் உதிருதுன்னு லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் கமிட்டி 1901ல ஆராய்ஞ்சப்ப நம்ம ஆவாரம்பட்டைத் தோல் புக்குக்கு வேணாம், சுமாக்ங்கிற செடியோட இலையில பதப்படுத்துனதுதான் நல்லதுன்னு சொன்னாங்க. நம்ம ஊர்த் தோல்ங்கிறதால படிச்சப்ப மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா டைரி ரொம்ப வருஷம் இருக்கணும்ல.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. தங்கம் எப்படி ஒட்டுது? எத்தனை டூல் வாங்கணும்?

பதில்:
முதல்ல வெறும் அச்சு, அந்தப் பள்ளத்துல வினிகர் கலந்த முட்டை வெள்ளைக்கரு தடவி காய விட்டு, துளி வாஸ்லின் தொட்டு தங்க ரேக் ரெண்டு அடுக்கு வைங்க, பஞ்சால அமுக்கினா பழைய அச்சு ரேக் மேலயே தெரியும், அதே இடத்துல சூடான டூலை வைங்க. சூட்டுல வெள்ளைக்கரு இறுகிப் பிடிச்சுக்கும், மிச்சம் துடைச்சா போயிடும். டூல் நிறைய வேணாம்: கோட்டுக்கு ஒரு சக்கர டூல், வளைவுக்கு ரெண்டு, ஒரு இலை, ஒரு புள்ளி. 1893ல லண்டன் ஹாமர்ஸ்மித்ல டவ்ஸ் பைண்டரிங்கிற பைண்டிங் பட்டறைய ஆரம்பிச்ச காப்டன்-சாண்டர்சன் சின்னச் சின்ன டூலைத் திரும்பத் திரும்ப வச்சுத்தான் பெரிய பூங்கொத்தே போட்டாரு. டிசைனை மெல்லிசு பேப்பர்ல வரைஞ்சு தோல் மேல ஒட்டி பேப்பர் வழியாவே முதல் அச்சை எடுங்க, கோடு கோணாது.