பூங்கோரை வந்த நாளில் உங்கள் கரையில் என்ன பார்த்தீர்கள்?

பாம்பன்

2019 செப்டம்பரில் பூங்கோரை, அதாவது கடலில் ஒரு நுண்ணுயிர் கூட்டமாகப் பெருகி, தென்கடல் (மன்னார் வளைகுடா) பச்சையானது இங்கே நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். நான் பார்த்ததை எழுதுகிறேன், உங்கள் கரையில் பார்த்ததை நீங்களும் எழுதுங்கள்.

கச்சான் காற்று அடங்கி, கடல் எண்ணெய் ஊற்றிவைத்த மாதிரி அசையாமல் கிடந்த வாரம் அது. விடியும் முன்னே நானும் மாமாவும் எங்கள் படகான வல்லத்தைத் தள்ளப் போனோம். முதலில் வந்தது வாடைதான். மீன் கவிச்சி இல்லை, மாட்டுத் தொழுவத்தில் மூத்திரம் தேங்கிக் கிடந்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாடை. வெளிச்சம் வந்ததும் பார்த்தால் புல்லை அரைத்துக் கரைத்துவிட்டது போல ஒரே பச்சை. மாமா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "பூங்கோரைடா, இன்னைக்கு வலை போட வேணாம், எல்லாம் வெளிய ஓடியிருக்கும்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்தப் பாட்டிலில் கடல்தண்ணீரை மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே கசகசா அளவிலும் அதைவிடச் சின்னதாகவும் உருண்டை உருண்டையாக, கண்ணாடி போல, ஒவ்வொன்றுக்குள்ளும் லேசான பச்சை. பாட்டிலை ஆட்டாமல் படகின் முன்பக்கம், அணியத்தில் வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தால் எல்லாம் மேலே மிதந்து கழுத்துப் பக்கம் விரல் கனத்துக்கு ஆடை கட்டி நிற்கிறது, கீழே தண்ணீர் தெளிந்துவிட்டது. இத்தனைக்கும் அந்த உருண்டை ஒவ்வொன்றும் ஒற்றைச் செல் உயிர். நாக்டிலுகா என்று பெயர். அதற்கென்று சொந்தப் பச்சை கிடையாது, அதன் வயிற்றுக்குள் குடியிருக்கிற இன்னொரு நுண்பாசியின் நிறம்தான் நாம் பார்ப்பது. அது மிதப்பதற்கும், அந்தத் தொழுவத்து வாடைக்கும், அது உடம்பில் சேர்த்துவைக்கிற அம்மோனியாதான் காரணம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் கரையில் மீன் ஒதுங்கியது. ஓரா, கிளிமீன், கலவா, எல்லாம் பாறையை ஒட்டியே திரியும் மீன்கள். ஒரு ஓராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று கொழகொழப்பு அப்பியிருந்தது. விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு, ஒரு வாரம் யாரும் மீன் வாங்கவில்லை. இந்த நாக்டிலுகா தனியாக விஷம் எதுவும் தயாரிப்பதில்லை. தண்ணீரில் பிராணவாயு குறைந்ததுதான் மீன் செத்ததற்கு முக்கியக் காரணம். மற்ற மீன் ஓடிவிடும், பவளப்பாறை எங்கே ஓடும்? மண்டபத்துப் பக்கத் தீவுகளில் பவளமும் அந்த முறை செத்தது.

மாமாவைக் கேட்டால், "இது காலங்காலமா வர்றதுதான், 2008லயும் அப்பா தீவுப் பக்கம் வந்துச்சு" என்பார். உண்மைதான், காற்று விழுந்து தண்ணீர் நின்றுவிட்டால் அது தானாகவும் வரும். ஆனால் எங்கள் தெருச் சாக்கடை நேராகக் கடலில்தான் விழுகிறது, சோப்புத் தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் சேர்ந்து. அதில் இருக்கிற உரச்சத்தைத் தின்றுதான் நுண்பாசி பெருகும், அந்த நுண்பாசியைத் தின்றுதான் நாக்டிலுகா பெருகும், கூடவே மீன் முட்டையையும் தின்னும். 2019இல் வந்ததற்கு எங்கள் சாக்கடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வருகிற விருந்தாளிக்கு நாம் ஏன் பந்தி விரித்து வைக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

*

திருப்பாலைக்குடி

அண்ணே, நான் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம். ஆறு வருஷம் இறால் பண்ணையில் வேலை பார்த்தவன், அதனால் நீங்கள் சொன்ன பிராணவாயு விஷயத்தை என் கையாலேயே அளந்திருக்கிறேன்.

குளத்துத் தண்ணீருக்கு நிறம் பிடிப்பதே பிளாங்டனை, அதாவது தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிர்களை வைத்துத்தான். கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குவோம், முப்பது நாற்பது சென்டிமீட்டரில் கண்ணுக்கு மறைந்தால் நல்ல தண்ணீர். இருபதுக்குள் மறைந்தால் பயம் வந்துவிடும். பகலில் பாசி வெயிலை வாங்கிப் பிராணவாயு விடும், மீட்டரில் லிட்டருக்கு எட்டு, ஒன்பது மில்லிகிராம் என்று காட்டும். ராத்திரி அதே பாசி மூச்சு வாங்குமே, விடியற்காலை நாலு மணிக்கு மூன்றுக்கு வந்து நிற்கும். ஒரு நாள் கரண்டு போய் ஜெனரேட்டரும் கிளம்பவில்லை, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் எல்லாம் நின்றுவிட்டது. இறால் மொத்தமும் ஓரத்துக்கு வந்து மேல்மட்டத்தில் மீசையை நீட்டிக்கொண்டு நின்றதை டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த நாலு மணி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடலில் மீன் விடியற்காலையில் செத்து ஒதுங்குகிறது என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை, கடலுக்கு ஏது ஏரேட்டர்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறுவடை முடிந்து குளத்தை வடிக்கும்போது அடியில் கிடக்கும் கறுப்புச் சேறு, தின்னாத தீவனம், எல்லாம் வாய்க்கால் வழியாகக் கடலுக்குத்தான் போனது. ஐந்து ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணை கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. நான் இருந்த பண்ணை அதற்குச் சின்னது, கேட்க ஆளில்லை. மதகை நானேதான் திறந்தேன். வாய்க்கால் போய்ச் சேரும் இடத்தில் முன்பு முழங்கால் தண்ணீரில் கடல்தாழை என்கிற கடற்புல் அடர்ந்து கிடக்கும், நண்டுக்குஞ்சு கால் வைக்க இடமில்லாமல் ஓடும். போன தை மாதம் போய்ப் பார்த்தேன். தாழைமேல் பழுப்பாக ஏதோ படிந்து, தொட்டால் சேறாகக் கரைகிறது.

*

சின்னப்பாலம்

தம்பி ரெண்டு பேருக்கும், நான் பாசி எடுக்கப் போகிறவள். சொல்லச் சொல்ல என் மகள் டைப் பண்ணுகிறாள்.

மரிக்கொழுந்து என்கிற கடல்பாசி எடுக்க முங்கும்போது முகக்கண்ணாடி வழியாகத் தரையைப் பார்த்துத்தான் வேலை. அந்தப் பச்சைத் தண்ணீர் வந்த நாளில் என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஏறி வந்த பிறகு கழுத்தும் காதோரமும் அரித்துத் தடித்துவிட்டது, ரெண்டு நாள் தேங்காய் எண்ணெய் போட்டேன். பத்து நாள் வேலை இல்லை. அந்தப் பத்து நாளுக்கு யாரும் கணக்கு எழுதவில்லை, படகு வைத்திருப்பவர்களுக்குத்தான் நஷ்டம் என்று பேசினார்கள். தண்ணீர் தெளிந்து மறுபடி முங்கினபோது கல்லின்மேல் பூ மாதிரி இருந்த பவளமெல்லாம் வெள்ளையாகி, அதன்மேல் மெல்லிசாகப் பாசி தூசி மாதிரி ஒட்டியிருந்தது. அந்தக் கல் எனக்குப் பதினைந்து வயசிலிருந்து தெரியும்.

*

பாம்பன்

அக்கா, அந்தக் கல் எந்தத் தீவுப் பக்கம், இப்போது எப்படி இருக்கிறது என்று முடிந்தால் எழுதச் சொல்லுங்கள். தம்பி, நீங்கள் சொன்ன அந்தத் தட்டை நானும் ஒன்று செய்துவிட்டேன், பெயின்ட் டப்பா மூடியில் கறுப்பும் வெள்ளையும் அடித்து. இன்று காலை பாலத்துக்குத் தெற்கே இறக்கினேன், இரண்டு பாகம் (ஏறக்குறைய பன்னிரண்டு அடி) ஆழத்தில் தரை தொட்டபிறகும் தெரிந்தது. எங்கள் சாக்கடை விழும் இடத்தில் ஒரு முழத்திலேயே மறைந்துவிட்டது. தேதியும் காற்றும் சேர்த்து நோட்டில் எழுதியிருக்கிறேன். கச்சான் விழுகிற நாளில் மறுபடி இறக்குவேன்.